ரதி அழும்போது லயமே ஏன் அழுகிறது?

மாசி பிறந்தால் ஊவா மலைகளில் மழை விலகத் தொடங்கும். ஐப்பசியிலிருந்து பதுளை மாவட்டத்தை நனைத்துக்கொண்டிருந்த மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, இராப்பொழுதில் பனி இறங்கும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில், காமன் கூத்து ஆடும் தோட்டங்களில் லயத்துக்கு முன்னாலோ கோயிலடியிலோ காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும் இரவு வரை தப்பு ஓயாது. ரதியும் மன்மதனும் வேடமிட்டு லயம் லயமாக வருவார்கள். சனம் பின்னாலேயே நடக்கும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். போகாதே என்று ரதி கெஞ்சுகிறாள். நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். ரதி மண்ணில் விழுந்து புலம்புகிறாள். முடிவில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனுக்கு உயிர் திரும்புகிறது. இடையில் தக்கன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான், கோமாளி வந்து சிரிக்க வைப்பான்.

ரதி வேடம் கட்டுபவர் வழக்கமாக ஓர் ஆண். பகலில் கவ்வாத்து வெட்டியவர். களத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவர் மாமா, சித்தப்பா, பக்கத்துக் காம்பராக்காரர். முகத்தில் அரிதாரம் பூசும்போது கூட நின்று பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அப்படியிருந்தும் அவர் புலம்பத் தொடங்கியதும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். வாட்டசாட்டமான ஆண்களுக்கும் தொண்டை அடைக்கிறது. மறுநாள் பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அதே பேச்சுத்தான்: ரதி அழுததைக் கேட்டு நெஞ்சே வெடித்துவிட்டது, இந்த வருசத்து எமன் போன வருசத்து எமனுக்கு ஈடில்லை, தப்பு இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கலாம்.

முகம் தெரிந்த ஆள், முடிவு தெரிந்த கதை, வெறும் மண்தரை, சில தப்புகள். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு கூத்து நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் அழவைப்பது எப்படி? ஒலியியலும் உடலியலும் உளவியலும் இதற்குத் தரும் விடை வியப்பானது. நாம் குறை என்று எண்ணக்கூடியவைதான் இந்தக் கூத்தின் பலம்.

ஒலியை வளைக்கும் இரவு

முதலில் மலையையும் மாசி இரவையும் பார்ப்போம். ஒலி, சூடான காற்றில் சற்று வேகமாகவும் குளிர்ந்த காற்றில் சற்று மெதுவாகவும் செல்லும். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடினால், ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடுகிறது. பகலில் வெயில் நிலத்தைச் சுடவைப்பதால் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ள காற்று குளிராகவும் இருக்கும். ஒலி அலையின் அடிப்பகுதி முந்தும், மேற்பகுதி பிந்தும். அலை முழுவதும் வானத்தை நோக்கி வளைந்துவிடும். அதனால் பகலில் அடிக்கும் தப்பு தூரத்தில் இருப்பவர் காதுக்கு எட்டாமலே மேலே போய்விடுகிறது.

மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில் இது தலைகீழாகிறது. நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. கனமான அந்தக் குளிர்காற்று சரிவு வழியாக வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாகக் கிடக்கிறது. இப்போது ஒலி அலை கீழ்நோக்கி வளைகிறது. மேலே தப்பிப்போக வேண்டிய சத்தம் திரும்பத் தரைக்கு வந்து, பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் ஓடுகிறது. நமுனுகுலை மலை 2,036 மீற்றர் உயரம். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர்தான். இந்த இடைவெளியில் அடுக்கடுக்காகச் சரியும் தேயிலை மலைகள், குளிர்காற்று இறங்கித் தேங்குவதற்கு வாகானவை. ஒரு தோட்டத்துக் கூத்து, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் தோட்டத்துக்கும் கேட்பதற்கு மாசியின் தெளிந்த வானமும் ஒரு காரணம்.

நிலவும் இதில் பங்கெடுக்கிறது. மூன்றாம் பிறை பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் மறைந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி மறையும். பௌர்ணமியன்று அந்தியில் எழுந்த நிலா விடியும்வரை வானத்தில் நிற்கும். விடிய விடிய ஆடும் கடைசி இரவுக்குப் போகவர வெளிச்சம் தானாகவே கிடைத்துவிடுகிறது. மின்சாரம் இல்லாத காலத்தில், செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த டிவிசனுக்குக் கூத்துப் பார்க்கப் போனவர்களுக்கு இது சின்ன உதவி இல்லை.

நெருப்பில் காயும் தோல்

கூத்து தொடங்குமுன் தப்புக்காரர்கள் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, அந்த அனலில் தப்பைக் காட்டுவார்கள். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். பனி ஈரத்தை அது உறிஞ்சித் தளர்ந்துபோகும். தளர்ந்த தோல் மந்தமாகவே ஒலிக்கும். அனலில் ஈரம் வெளியேறியதும் நார்கள் சுருங்குகின்றன. மரச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருப்பதால் தோலுக்கு உள்ளே சுருங்க இடமில்லை. ஆகவே இழுவிசை ஏறுகிறது. தோலின் அதிர்வெண் அந்த இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். ஒலி இரு மடங்கு உயரவேண்டுமென்றால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். அவ்வளவு இழுவிசையைத் தாங்குமா, கிழியுமா என்பதை விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதால் அறிகிறார் தப்புக்காரர். எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு பொருளின் ஈரத்தையும் இழுவிசையையும் ஒன்றாக அளக்கும் திறமை அது.

மிருதங்கத்துக்கும் தப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வெறும் வட்டத் தோல் ஒன்று அதிரும்போது பல ஒலிகள் சேர்ந்து எழுகின்றன. அடிப்படை ஒலியை 1 என்று வைத்தால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்ற விகிதங்களில் வரும். அவை முழு எண் மடங்குகளாக அமையாததால், குறிப்பிட்ட சுருதி காதில் நிற்பதில்லை. மிருதங்கத்தின் நடுவே பூசும் கருஞ்சாந்து இந்த விகிதங்களை முழு எண்களுக்கு அருகே இழுத்து வருகிறது என்பதை சர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார். தப்பில் அந்தச் சாந்து இல்லை. அதனால் அதற்கு நிலையான சுருதியும் இல்லை. கூத்துக்கு இதுவே வசதி. பாடுபவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும், நடுச்சாமத்தில் குரல் இறங்கிப்போனாலும், தப்பு அதனோடு மோதாது. இசைப்பெட்டி வைத்துச் சுருதி சேர்க்காமலே இராமுழுக்கப் பாட முடிவது இதனால்தான்.

தப்பை இரண்டு குச்சிகளால் அடிக்கிறார்கள். குட்டையான தடித்த குச்சி ஆழ்ந்த ஒலியைத் தரும். நீண்ட மெல்லிய மூங்கில் குச்சி வெடிப்பான கூர்ந்த ஒலியைத் தரும். காற்று இவ்விரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. 250 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி, ஒரு கிலோமீற்றர் தூரம் போகும்போது காற்றில் உறிஞ்சப்பட்டு இழப்பது ஏறக்குறைய 1 டெசிபல். 4,000 ஹேர்ட்ஸ் அளவிலான கூர்ந்த ஒலியோ 20 டெசிபலுக்கும் மேல் இழக்கிறது. அதன் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. ஆகவே பக்கத்து மலையில் நிற்பவருக்கு முதலில் தடித்த குச்சியின் அதிர்வு மட்டுமே கேட்கும். ஏறி வர வர மெல்லிய குச்சியின் வெடிப்பு தெரியவரும். இன்னும் நெருங்கினால் பாட்டின் சொற்கள் பிரியும். கூத்துப் பார்க்க நடந்து வருபவர், வரும் வழியிலேயே ஒலியின் அடுக்குகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைகிறார். களத்துக்கு வந்து சேரும்போது அவருடைய உடல் தாளத்துக்குள் வந்து வெகுநேரமாகியிருக்கும்.

தப்படிப்பவர்களைச் சாதியின் பெயரால் தாழ்த்திய வழக்கம் மலையகத்திலும் இருந்தது. விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும், பிணத்துக்கு முன்னால் போனதும், சாமிக்கு முன்னால் நின்றதும் அதே தப்புத்தான். அதைக் காய்ச்சிப் பதம் பார்த்து அடிப்பவரிடம் இருக்கும் அறிவு மதிப்புக்குரியது. அதை இழிவாகப் பேசும் வாய்தான் திருந்த வேண்டும்.

வட்டத்துக்குள் துடிக்கும் இதயங்கள்

கூத்து நடப்பது வட்டமான களரியில். ஆடுபவரைச் சுற்றிச் சனம் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகமும் தெரியும். மேடையை மட்டும் பார்க்கும் மண்டபத்தில் முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான் தெரியும். வட்டத்திலோ ரதியைப் பார்க்கும் கண், ரதியைப் பார்த்து அழும் இன்னொருவரையும் சேர்த்தே பார்க்கிறது. மேலே லயத்து வாசலிலும் தேயிலைச் சரிவிலும் நிற்பவர்களுக்கு முன்னால் இருப்பவர் தலை மறைப்பதில்லை; ஒலியும் தலைகளுக்குள் சிக்கி மடங்குவதில்லை. கிரேக்கர்கள் எபிடாரசில் மலைச்சரிவைக் குடைந்து அரங்கம் கட்டியதும் இந்த நன்மைகளுக்காகத்தான்.

இனி உடலுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், அந்நகரில் நடந்த 'ட்ரீம்கேர்ள்ஸ்' என்ற இசை நாடகத்துக்கு வந்த 12 பேரின் இதயத் துடிப்பை நாடகம் நடக்கும்போதே அளந்தார்கள். துடிப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒரே காட்சிக்கு முன்னால் உட்காரும் உடல்கள் ஒத்திசைந்து போகின்றன என்பதை அது காட்டியது.

கூத்துக்களத்துக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்றொரு சிறிய கிராமம். அங்கே ஆண்டுதோறும் ஜூன் 23 இரவில் தீ மிதிப்பார்கள். கதிர்காமத்தையும் மாரியம்மன் திருவிழாக்களையும் அறிந்த ஊவா மக்களுக்குத் தீமிதிப்பு புதிதல்ல. இவானா கொன்வலின்கா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தத் தீமிதிப்பில் 38 பேரின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து 2011ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மிதித்தவர்கள், பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய உறவினரும் நண்பர்களும், வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று மூன்று வகையினர். மிதித்தவரின் இதயமும், அசையாமல் உட்கார்ந்திருந்த அவருடைய சொந்தக்காரரின் இதயமும் ஒரே வடிவத்தில் ஏறி இறங்கின. அதே தீயைப் பார்த்த அந்நியர்களின் இதயத்தில் அந்த ஒற்றுமை இல்லை.

லயத்தின் அழுகைக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தெரிந்த முகம் வேடத்தின் நம்பகத்தைக் கெடுக்கும் என்று நாம் நினைக்கிறோம். உடல் அப்படி நினைப்பதில்லை. களத்தில் விழுந்து புரள்பவர் நமக்குச் சொந்தமானால், அவர் மூச்சு வாங்கும்போது நம் நெஞ்சும் வேகமாக அடிக்கிறது. வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் நாடகக் குழு எவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தாலும், எவ்வளவு விளக்கு வைத்திருந்தாலும், இந்தக் கட்டணமில்லாச் சொத்தைக் கையோடு கொண்டுவர முடியாது. அது அந்தந்தத் தோட்டத்தில்தான் விளையும்.

தெரிந்த முடிவின் சுகம்

மன்மதன் எரியப்போவது கைப்பிள்ளைக்கும் தெரியும். பிறகு ஏன் காத்திருக்கிறோம்? கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் அவருடன் பணியாற்றியவர்களும், தமக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். மயிர்க்கூச்செறியும் இடம் வரும்போது மட்டும் டோபமின் சுரக்கவில்லை. அந்த இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் கணங்களிலும், மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்தது. எதிர்பார்க்க வேண்டுமென்றால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அறிமுகமான பாட்டு, அறிமுகமான கதை ஆகியவற்றின் பெரிய வரம் இது.

காமன் கூத்து இந்த எதிர்பார்ப்பை நாட்கணக்கில் வளர்க்கிறது. கம்பம் ஊன்றிய நாளிலேயே எரியும் நாள் எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒவ்வோர் இரவும் அதை நோக்கி ஓரடி நகர்கிறது. கடைசி இரவில் ரதி தடுக்கும்போது, தடுக்க முடியாது என்று தெரிந்தே சனம் அவள் பக்கம் நிற்கிறது. தீ மூளும் கணத்தில், இத்தனை நாள் சேர்ந்த எதிர்பார்ப்பும் ஒன்றாக அவிழ்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் காட்டியபடி, ஓர் அனுபவத்தை நாம் நினைவில் வைப்பது பெரும்பாலும் அதன் உச்சத்தையும் முடிவையும் கொண்டுதான். பெரட்டுக்களத்தில் மறுநாள் பேசப்படுவது எரிப்பும் புலம்பலுமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

புலம்பலின் உடற்கூறு

புலம்பலே தனியாக ஆராய வேண்டியது. அமெரிக்க மானிடவியலாளர் கிரெக் அர்பன் 1988ஆம் ஆண்டு பிரேசில் பழங்குடிகளின் சடங்கு அழுகையை ஆராய்ந்து, அதில் அழுகையின் நான்கு அடையாளங்களைப் பிரித்துக் காட்டினார்: குரல் திடீரென உடைவது, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஒலி எழுவது, தொண்டை கரகரப்பது, உயிரொலி பொய்க்குரலுக்குத் தாவுவது. நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இவை எல்லாமே பழக்கமானவை. ரதி பாடும் ஆண், பெண்ணுக்காகக் குரலை உயர்த்திப் பொய்க்குரலுக்கும் இயல்புக் குரலுக்கும் இடையில் ஏறி இறங்கும்போது அந்த உடைவு அடிக்கடி நேர்கிறது. ஆண் பெண் வேடம் கட்டுவதன் இடைஞ்சல் என்று தோன்றுவது, புலம்பலுக்குத் துணையாகிறது.

கேட்பவரின் நினைவும் அதில் சேர்கிறது. இழவு வீட்டில் ஒப்பாரி வைத்த பெண்கள்தான் களத்தின் முன்வரிசையில் இருப்பவர்கள். அவர்களுக்கு ரதியின் குரல், தம் வீட்டில் கேட்ட குரல். பிரிவு இந்த மக்களின் வரலாற்றிலேயே எழுதப்பட்டது. கோப்பிக் காலத்தில் நடந்து வந்த வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். போகாதே என்று ரதி கெஞ்சும்போது, அந்த ரயில் நிலையங்களில் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்து அழுவதால் நன்மையும் உண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரொபின் டன்பார் குழுவினர் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மனதை உருக்கும் துயரப்படம் ஒன்றைச் சிலருக்குக் கூட்டமாகக் காட்டினார்கள். சாதாரண விவரணப்படம் பார்த்தவர்களைவிட இவர்களுக்கு வலியைத் தாங்கும் சக்தி கூடியது. கூட இருந்தவர்கள்மேல் ஒட்டுதலும் கூடியது. உடலின் சொந்த வலிநிவாரணியான எண்டோர்பின் இதில் வேலை செய்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். விடியும்வரை அழுதுவிட்டு மறுநாள் மலைக்குப் போகும் சனம் ஒருவரோடொருவர் முன்னைவிட நெருங்கியிருப்பதில் வியப்பில்லை.

இந்த மாசியில் செய்ய வேண்டியது

இப்போது கூத்து கலைவிழா மேடைகளுக்கும் வருகிறது. வரட்டும், வெளியுலகம் பார்க்க வேண்டிய கலைதான் அது. ஆனால் இருபது நிமிடத்துக்குச் சுருக்கி, உயர்ந்த மேடையில் ஏற்றி, ஒலிபெருக்கி வைத்து, காயவைக்கத் தேவையில்லாத பிளாஸ்டிக் தோலில் தப்படித்தால், வட்டமும் காத்திருப்பும் சொந்தமும் ஒரே நேரத்தில் போய்விடும். மிஞ்சுவது உடையும் பாட்டும் மட்டுமே.

பதுளையிலேயே 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பௌதிகமும் உளவியலும் படிக்கிறார்கள். இரவுக் காற்றின் வெப்பநிலையை அளக்க ஒரு வெப்பமானி போதும்; தப்பின் அதிர்வெண்ணைக் கைத்தொலைபேசியே காட்டும்; இதயத் துடிப்பை அளக்கும் பட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஸ்பெயின் கிராமத்தில் செய்ததை மடுல்சீமையிலும் லுணுகலையிலும், ஆடுபவர்களின் சம்மதத்தோடு, அவர்களையும் ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு செய்யலாம். கூத்தைப் பழக்கும் வாத்தியார்களிடமும் தப்புக் காய்ச்சும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு. அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாசியில் காமன் எரியும் இரவுக்கு ஊருக்கு வாருங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்காமல், வட்டத்துக்குள் வந்து உட்காருங்கள். ரதியாக ஆடுபவருக்கு நீங்கள் சொந்தக்காரர். அந்த உறவு இல்லாமல் இந்தக் கூத்து முழுமையாகாது.